பந்து வீட்டுக்குள் போனால் அவுட்

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தொண்ணூறுகளில் மந்தைவெளியில் டி.வி., டெக், வீடியோ கேம் எது கெட்டாலும் என் கடைக்குத்தான் வரும். படித்தவர்கள் கைவிட்ட பெட்டிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

அப்போது வெளிநாட்டில் வீடியோ கேம் பெட்டிகள் எங்கேயோ முன்னேறிப் போய்விட்டன. நம் ஊரில் ஓடியது அரதப் பழசான மாடலைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டி. கேசட்டைச் செருகி, படம் வராவிட்டால் பிடுங்கி வாயால் ஊதிச் செருகுவோமே, அதுதான். அந்தப் பெட்டிக்காக மயிலாப்பூரில் ஒரு மாமி கிரிக்கெட் விளையாட்டு எழுதினார் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. தி. நகரில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவர். என் வயதுதான், அப்போது நாற்பது. இரண்டு வருடமாக வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதியதைச் சிப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார். நான் அதைக் கேசட்டுக்குள் பற்றவைத்தேன்.

ரிச்சி தெருவில் கேசட் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து ஆடிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் கேசட் போட்டு விற்பார். பிடிக்காவிட்டால் மறுபடி இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஊரில் வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை. இரண்டு வருட உழைப்புக்கு அந்த ஒரு ஞாயிறுதான்.

திங்கட்கிழமை பெட்டியில் போட்டுப் பார்த்தோம். விக்கெட் கீப்பர், பேட்ஸ்மேன், பக்கத்தில் வரிசையாக மூன்று ஸ்லிப். ஆள் மாற்றி ஆள் மினுக்கி மினுக்கி மறைந்தார்கள்.

"இன்னா மாமி, பேட்ஸ்மேனையே காணோம்?"

"ஆத்துல நன்னா வந்துதே! உங்க பெட்டிதான் ரிப்பேர்."

என் கடையில் நின்றுகொண்டு என் பெட்டியை ரிப்பேர் என்கிறார்! அங்கேயே திறந்தேன். பற்றவைத்த இடங்களை மறுபடி பற்றவைத்தேன். கேசட்டை ஊதி ஊதி வாய் வலித்ததுதான் மிச்சம். ஐந்து பெட்டி மாற்றினேன். ஐந்திலும் அதே கண்ணாமூச்சி.

மறுநாள் மாமி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "உங்க பெட்டி மேல தப்பில்லை. இதால ஒரு வரிசைல எட்டுத் துண்டுப் படம்தான் காட்ட முடியும். ஒரு ஆளுக்கே ரெண்டு துண்டு ஆறது. என் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் பார்க்காம எல்லாரையும் காட்டிண்டு இருந்திருக்கு."

அதாவது கோளாறு இல்லை. பெட்டியின் சக்தியே அவ்வளவுதான். பெட்டியைப் பெரிதாக்க என்னாலும் முடியாது. ஆட்டத்தைச் சிறிதாக்கலாமே!

"மாமி, பதினோரு பேர் எதுக்கு? நம்ம சந்துல எப்ப பதினோரு பேர் ஆடிக்கினு இருந்தானுங்க? எதிரும் புதிரும் சுவரு. மூணு பேரு நின்னா பந்து எங்க போவும்?"

மாமி யோசித்தார். "சுவரு, ஜன்னல் எல்லாம் பின்னாடி ஒட்டற படம். அது எட்டுல சேராது. வரிசைக்கு மூணு பேர், ஒரு பந்து. ஆறும் ஒண்ணும் ஏழு. சரி, பந்து சுவரைத் தாண்டி ஆத்துக்குள்ள விழுந்தா சிக்ஸரா?"

"அய்ய! அவுட்டு மாமி."

"அவ்வளவு தூரம் அடிச்சா அவுட்டா?"

"உள்ள கீற அம்மா பந்தைத் தர மாட்டாங்கல்ல?"

மாமி வாய்விட்டுச் சிரித்தார். "எங்காத்து அலமாரில மூணு பந்து இருக்கு. நான்தான் கொடுக்கலை."

அவ்வளவுதான், வேலை ஓட ஆரம்பித்தது. மாமி நான்கு நாள் வகுப்புக்கு லீவு போட்டு மாற்றி எழுதினார். ஜன்னலில் ஒரு அம்மாவை வரைந்தார், பின்னாடி ஒட்டுகிற படமாகத்தான். பந்து உள்ளே போனால் அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு முறைப்பாள். கை ஒடிய ஒடியச் சிப் மாற்றியது நான்.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். முதல் பந்தையே தூக்கி அடித்தார். ஜன்னல் அம்மா வந்தாள். அவுட்.

"இன்னாபா இது? சிக்ஸ் அடிச்சா அவுட்டா?"

மாமி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "பாய், நீங்க சந்துல ஆடினதே இல்லியா?"

பாய் மறுபடி ஸ்டார்ட் அழுத்தினார். இப்போது சுவரோரமாகத் தட்டித் தட்டி ஓடினார். ஆள் யாரும் மினுக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் மறுபடி ஆசைப்பட்டுத் தூக்கினார். "ஏம்மா, பந்தைக் குடும்மா!" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினார்.

"தரமாட்டேன்" என்றார் பின்னால் நின்ற மாமி.

பாய் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது. மேலும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் கேசட்டைப் பிடுங்கினார். பிடுங்கியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதைக் கொடுங்கோ, இன்னும் ரெண்டு திருத்தம் இருக்கு" என்றார் மாமி.

"இப்ப நான் தரமாட்டேன்மா. இதையே போட்டுடலாம்."

கேசட் மேல் ஒட்டிய தாளில் மாமியின் பெயர்தான் வந்தது. வரட்டும், உழைத்தவர். ஆனால் பதினோரு பேரை மூன்று பேராக்கியது யார் என்று மந்தைவெளியில் கேட்டுப் பாருங்கள்.