வாய்க்காலில் ஒரு தலைக்கட்டு

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு வியாழக்கிழமை காலையில் அன்புராஜின் படகு ஊருக்குள் வந்தது. தண்ணீர் வழியாக வரவில்லை. டிராக்டர் டிரெய்லரில், கரும்புக் கட்டுபோலக் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு, மின்கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க முன்னால் இரண்டு பேர் கழியோடு நடக்க வந்தது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் எவ்வளவோ வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சாலையில் படகு போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்புராஜ் எங்கள் ஊர்க் காலனியில் பிறந்தவன். அவன் அப்பா எங்கள் நிலங்களில் கரும்பு வெட்டியவர். அவனும் இளவயதில் கரும்பு லோடு ஓட்டினான். பிறகு கழிமுகத்தில் இருந்த ஒரு சுற்றுலாப் படகுத்துறையில் படகோட்டியாகச் சேர்ந்து, அந்த வேலையிலேயே தலை நரைத்தான். வேலையை விட்டு வரும்போது, அவர்கள் கழித்துப்போட்ட கூரைப் படகு ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டான். இன்ஜின் கிடையாது. பக்கப் பலகையில் பாதி அழிந்த அன்னப்பறவைப் படம் மட்டும் இருந்தது.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலில், மதகு ஷட்டருக்கு மேற்கே, வாழைமரத் துண்டுகளை உருளையாகப் போட்டுப் படகை இறக்கினார்கள். மாலையில் அவன் மனைவி ஸ்டெல்லா இரண்டு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, மாதா படம் ஆகியவற்றோடு அதில் ஏறினாள். காலனியில் அவர்களுக்குச் சொந்தமாக ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட ஓட்டு வீடு இருக்கிறது. அந்த வீடு ஒழுகவும் இல்லை, அடமானத்திலும் இல்லை. அப்படி இருக்க, ஐம்பத்தேழு வயதில் ஒருவன் மனைவியோடு வாய்க்காலில் போய்ப் படுப்பானேன்?

இதுதான் ஊரின் கேள்வி. என் கேள்வியும் அதுதான்.

முதலில் சாராயம் என்றார்கள். தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில் இருக்கும் ஊரில் எவன் புதிதாக எதைச் செய்தாலும் முதல் சந்தேகம் அதுதான். ஏரிச் சங்கத் தலைவர் மணிபாரதி, ஷட்டர் மேடையில் நின்றுகொண்டு நேராகவே கேட்டார்.

“இன்னா அன்பு, கடலூருக்குச் சரக்கு ஏத்தப் போறியா?”

“இந்த வாய்க்கா ஏரியோட முடிஞ்சிபோவுது தலைவரே. இதுல சரக்கு ஏத்தினா கொக்குதான் குடிக்கணும்.”

பக்கத்தில் மாடு கழுவிக்கொண்டிருந்த தனக்கொடி சிரித்துவிட்டாள். மணிபாரதி சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் என்னிடம், “சித்தப்பா, பதில் ரெடியா வச்சிருக்கான் பாருங்க. யோசிக்காம சொல்றான்னா ஏற்கெனவே யோசிச்சி வச்சிட்டான்னு அர்த்தம்” என்றார்.

அடுத்து, புதுச்சேரி ஆள் எவனோ ரிசார்ட் கட்ட முன்னால் அனுப்பிய ஆள் என்றார்கள். அதுவும் நிற்கவில்லை. நின்றது மூன்றாவது சந்தேகம். வாய்க்கால் கரை புறம்போக்கு. இன்று படகு, நாளை கரையில் ஒரு கொட்டகை, மறுநாள் மின் இணைப்பு, அப்புறம் பட்டா. இந்த வரிசையில் போன இடங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. தொடக்கம் எப்போதும் ஒரு முளைக்குச்சிதான். அல்லது ஒரு முருங்கைக் கொம்பு. நட்டது தழைத்து இரண்டு வருடம் காய்த்துவிட்டால், “இது என் அனுபவத்தில் இருக்கிறது” என்று சொல்ல ஆள் வந்துவிடும்.

வாய்க்காலின் அளவுக்கல்லில் நீர்மட்டம் பார்ப்பது சங்கத்தில் என் வேலை. காலையிலும் மாலையிலும் அந்தப் படகைத் தாண்டித்தான் போகவேண்டும். எனவே கவனித்தேன். கரையில் அவன் முளை அடிக்கவில்லை. ஷட்டர் சுவரில் பழைய நாளிலிருந்தே இருக்கும் இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டியிருந்தான். முருங்கைக் கொம்பு இருந்தது. ஆனால் ஸ்டெல்லா அதைக் கரையில் நடாமல், பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பிப் படகின் மூக்கில் வைத்திருந்தாள். சட்டம் தெரிந்தவர் யாரோ சொல்லிக்கொடுத்துச் செய்வதுபோல இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பு செய்பவன்கூட ஓரிடத்தில் கவனக்குறைவாக இருப்பான். இவர்கள் எங்கேயும் அப்படி இல்லை.

ஒன்றைத் தவிர. தினமும் பொழுது சாயும் நேரத்தில் படகிலிருந்து புகை எழும்பியது.

வெளியூர்க்காரருக்கு அது வெறும் புகை. எங்களுக்கு அப்படி இல்லை. எங்கள் ஊரில் குடும்பத்தைத் தலைக்கட்டு என்று எண்ணுவோம். தலைக்கட்டை அடுப்பு வைத்துத்தான் எண்ணுவோம். ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் இருந்தாலும் அடுப்பு இரண்டானால் தலைக்கட்டு இரண்டு. வாய்க்கால் தூர்வாரத் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். கோடையில் ஏரி மீன் பிடிக்கும்போது தலைக்கட்டுக்கு ஒரு பங்கு உண்டு. ஊரும் காலனியும் சேர்ந்த சங்கம் என்பதால் இதில் வேற்றுமை கிடையாது. கணவனை இழந்து தனியாக உலை வைக்கும் பெண்ணுக்கு மட்டும் அரைத் தலைக்கட்டு. தனக்கொடி பல வருடமாக அரை மீன்தான் வாங்குகிறாள். தராசு பிடிப்பவனிடம் அவள் வருடம் தவறாமல் சொல்வாள்: “எனக்குத் தலப்பக்கம் குடுக்காதடா. பேசவே மாட்டேங்குது.”

படகில் அடுப்பு எரிகிறது என்றால் அன்புராஜ் வாய்க்காலில் தனித் தலைக்கட்டு. அதை அவனே சங்கத்தின் முன் ஒப்புக்கொண்டால், புறம்போக்கில் குடியேறியவன் என்று வருவாய்த் துறைக்கு எழுதிவிடலாம். இல்லை, என் தலைக்கட்டு காலனி வீட்டில்தான் என்று சொன்னால், படகில் யாரும் குடியில்லை, ஆளில்லாத சாமானை அப்புறப்படுத்து என்று சொல்லிவிடலாம். இந்த இரண்டு வழியையும் மணிபாரதிக்கு எடுத்துச் சொன்னவன் நான்தான். விதிப்படி சரியான யோசனை.

மாசி மாதம் தலைக்கட்டு எழுதும் கூட்டம் ஏரிக்கரைச் சங்கக் கட்டடத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து காலனி ஆட்களும் வந்துவிட்டார்கள். அன்புராஜ் ஓரமாக நின்றான். ஸ்டெல்லா பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவர்களுடைய மகள் வெண்ணிலாவும் வந்திருந்தாள். மதகடிப்பட்டில் கட்டிக்கொடுத்த பெண். இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அந்தப் பிரசவத்தில் பிறந்த குழந்தை அவள் மடியில் நிற்காமல் தரையில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நான் பேரேட்டில் எழுதிக்கொண்டே வர, காலனிப் பெயர்கள் வந்தன. மணிபாரதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அன்புராஜ். உன் தலைக்கட்ட வூட்ல எழுதறதா, போட்ல எழுதறதா?”

“வூட்லயே இருக்கட்டும் தலைவரே. எப்பவும் மாதிரி.”

“அப்ப போட்ல பொக வருதே, அது இன்னா? தெனமும் பாக்கறாரு பெரியவரு.”

அன்புராஜ் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிறவன்போலப் பார்த்தான்.

“பொக வரும்” என்றான்.

“அடுப்பு இருந்தா தனித் தலைக்கட்டு. தனிப் பங்கு மீன் உண்டு. வாங்கிக்கோயேன், யாரு வேணாம்னா?”

“எனக்கு மீன் வேணாம்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஏரி மீனை வேண்டாம் என்று சொன்னவன் எங்கள் ஊரில் இதுவரை இல்லை. சும்மா கிடைப்பதை ஒருவன் மறுக்கிறான் என்றால் அதைவிடப் பெரிதாக எதையோ வைத்திருக்கிறான் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

“சரி, வேணாம்ல? அப்ப போட்ல குடியில்ல. வர்ற ஞாயித்துக்குள்ள அத அங்கருந்து எடுத்துடு” என்றார் மணிபாரதி.

அன்புராஜ் தலையை ஆட்டினான். எங்கே எடுத்துப் போவான் என்று அவன் யோசித்ததாகவும் தெரியவில்லை. ஸ்டெல்லா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

“எழுதாதீங்க அய்யா.”

வெண்ணிலா எழுந்து நின்றிருந்தாள்.

“உக்காருடி” என்றான் அன்புராஜ். அதுவரை வராத சத்தம் அப்போது வந்தது.

“நீ சும்மா இருப்பா. அய்யா, போட்ல அடுப்பு கெடையாது. வேப்பந்தழ போட்டு கொசுவுக்குப் பொக போடுது எங்கம்மா. வேணும்னா எல்லாரும் இப்பவே வந்து பாருங்க. சோறு நான் வூட்ல ஆக்கித் தூக்குல கொண்டுபோறேன்.”

“அப்ப எதுக்குமா வூடு இருக்கறப்ப ரெண்டு பேரும் வாய்க்கால்ல படுக்கறாங்க?” மணிபாரதியின் குரல் இப்போது விசாரணைக் குரல்.

“நான் வூட்ல இருக்கறதால. ஒரே ரூமு. ரெண்டு பசங்க.”

தனக்கொடி குறுக்கே விழுந்தாள். “ஏண்டி, பிரசவத்துக்கு வந்த பொண்ணு நாளைக்கே போயிடுவ. அதுக்குப் பெத்தவங்க படகு வாங்குவாங்களா?”

“பிரசவத்துக்கு வரல ஆயா. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிவச்சாங்க. அவரு என்ன அனுப்பிட்டாரு. வேற ஒருத்தி கூட இருக்காரு. நான் திரும்பிப் போவப் போறதில்ல.”

அப்போதுதான் எல்லாரும் அந்தக் குழந்தையைப் பார்த்தோம். அது சுவரை விட்டுவிட்டுத் தனியாக நின்றுகொண்டிருந்தது. தாய்வீட்டுப் பிரசவம் என்றால் மூன்று மாதம், மிஞ்சினால் ஐந்து. பல் முளைத்து நடக்கப்போகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுவதும் படகைத்தான் பார்த்திருக்கிறது.

அன்புராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “மாப்ளகிட்ட பேசிக்கினு இருந்தோம் அய்யா. சரியாப் போவும்னு நெனச்சோம். இது வெளிய வந்துட்டா அவங்களுக்குச் சாக்காப் போயிடும்… எங்களப் பத்திப் பேசினா பேசிட்டுப் போறாங்கன்னு இருந்தோம்.”

“சரியாவாதுப்பா. உனக்கும் தெரியும்” என்றாள் வெண்ணிலா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “அந்த வூட்ல அடுப்பு எரிக்கறது நானு. தலைக்கட்டு என் பேர்ல எழுதுங்க. அப்பாவும் அம்மாவும் என் தலைக்கட்டுல இருக்காங்க. உங்க ஆளுங்கல்லாம் மோட்டார் கொட்டாயில போய்ப் படுக்கறாங்களே, அதுமாதிரி அவங்க போட்ல படுக்கறாங்க.”

மோட்டார் கொட்டகையில் படுப்பவனை யாரும் தனியாக எண்ணியதில்லை. விதியில் அவளுக்குப் பதில் சொல்ல இடமில்லை. அவள் பெயருக்குத்தான் இடமில்லாமல் இருந்தது. ஆணுக்கு முழுசு, கணவனை இழந்தவளுக்கு அரை. கணவன் உயிரோடு மதகடிப்பட்டில் இருக்கும் பெண்ணை எப்படி எழுதுவது?

“அரைன்னு போடுங்க சித்தப்பா” என்றார் மணிபாரதி.

“எவண்டா அவன் அரைன்றது?” தனக்கொடி எழுந்துவிட்டாள். தலைவரை அவள் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவள். “நான் ஒண்டிக்கட்ட, அரைய வாங்கிட்டு வாய மூடிக்கினு இருந்தேன். அங்க அஞ்சு வாயி தின்னுது. மீன வெட்டும்போது புள்ளைங்களையும் வெட்டுவியா?”

முழுத் தலைக்கட்டு என்று எழுதினேன். வெண்ணிலா, அன்புராஜ் மகள். படகு வாய்க்காலில் நிற்கலாம், ஆனால் முளை அடிக்கக் கூடாது, கரையில் எதையும் நடக் கூடாது, படகில் அடுப்பு மூட்டக் கூடாது என்று தீர்மானமாயிற்று. அன்புராஜ் மூன்றுக்கும் சரி என்றான். வெண்ணிலாவை அவன் பார்க்கவேயில்லை. ஸ்டெல்லாதான் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மணிபாரதி என் காதருகே வந்தார். “குடும்பமே சேந்து பேசிவச்சி நடிச்சிட்டாங்க சித்தப்பா. நீங்க வேணா பாருங்க.” மதகடிப்பட்டில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் நான் விசாரித்தேன். வெண்ணிலா சொன்னது உண்மை. அதை மணிபாரதியிடமும் சொன்னேன். “அவரு யாரு சித்தப்பா, அவங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டார்.

சித்திரையில் ஏரி மீன் பிடித்தபோது வெண்ணிலா முறம் கொண்டுவந்து முழுப் பங்கு வாங்கிப்போனாள். அதற்குள் வாய்க்கால் வற்றிவிட்டது. படகு சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அன்புராஜ் செங்கல் முட்டுக் கொடுத்து அதை நிமிர்த்தினான். செங்கல் முளை ஆகுமா என்று மணிபாரதி என்னைக் கேட்டார். ஆகாது என்றேன்.

தண்ணீர் இல்லாவிட்டாலும் அளவுக்கல்லைப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். பெயின்ட் டப்பா முருங்கை ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. அதன் வேர் டப்பாவின் அடியைத் துளைத்திருக்கிறதா என்று ஒருநாள் குனிந்து பார்த்தேன். உள்ளேயிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

“அய்யா, அடியில பாத்தா ஆச்சா? உள்ள ஏறி வந்து பாருங்க, அடுப்பு இருக்குதான்னு.”

பலகையைப் பிடித்து ஏறினேன். இரண்டு பாய், டிரங்குப் பெட்டி, மாதா படம், கொடியில் ஒரு சேலை. கூட்டித் துடைத்த தரை. தணல் அடித்த கறுப்பு எங்கும் இல்லை. பின்பக்க இருக்கையின் கீழே மட்டும், பூப்போட்ட துணி போர்த்திய பெட்டி ஒன்று இருந்தது. அன்புராஜ் அதற்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“டீ குடிங்க அய்யா” என்று ஸ்டெல்லா டம்ளரை நீட்டினாள். கையால் பிடிக்க முடியாத சூடு. துண்டைச் சுற்றித்தான் வாங்கினேன்.

“வெண்ணிலா இப்பதான் ஃபிளாஸ்க்ல குடுத்தனுப்பிச்சா” என்றாள்.

படகுக்குள் இன்னொரு தடவை பார்த்தேன். ஃபிளாஸ்க் எதுவும் என் கண்ணில் படவில்லை. அன்புராஜ் காலை மடக்கவில்லை.

டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். மெதுவாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். ஷட்டர் மேடையில் நின்றிருந்த மணிபாரதி, “இன்னா சித்தப்பா, உள்ள இன்னா இருக்குது?” என்று கேட்டார்.

“ரெண்டு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மாதா படம்” என்றேன்.