அக்கரையால் வந்தவர்

கடிதம் இங்கிலீசில் இருந்தது. மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை விளங்காததால் வாசித்தேன். மற்ற இரண்டு தடவையும் விளங்கிவிட்டதால் வாசித்தேன்.

என் உம்மா கொடுத்த வாக்குமூலத்தின்படி என் வாப்பா இந்தியாவிலிருந்து வந்தவராம். அவர் இலங்கையில் பிறந்தவர் என்பதற்குப் பதிவுச் சான்று இருந்தால் மூன்று கிழமைக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எனக்குக் கிடைத்த ஆசிரியர் நியமனம் ரத்து. அத்தோடு விடவில்லை. என் பிரசாவுரிமை பற்றி மேலிடத்துக்கு எழுதுவோம் என்றும் கீழே ஒரு வரி இருந்தது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவன் என்று காட்டினால்தான் பிள்ளை இந்த நாட்டவன் என்று சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதெல்லாம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கான சட்டம், சாய்ந்தமருதில் கடல் இரைச்சலோடு வளர்ந்த எனக்கு என்ன வந்தது என்று இருந்துவிட்டேன். கடற்கரையில் தோணி இழுக்கும் ஆட்கள் தங்களுக்குள் பகிடியாகக் 'கள்ளத்தோணி', அதாவது களவாகக் கடல் கடந்து வந்தவன், என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். கடிதம் வந்த அன்றைக்கு அது என் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டதாகத் தோன்றித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

நான் பரீட்சை விஷயமாக வெளியூர் போயிருந்த நாளில் விசாரணைக்காரர் ஒருவர் வந்து, உம்மாவைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்திருக்கிறார். எழுதியதற்குக் கீழே உம்மா பெருவிரல் அடையாளம் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?" என்று கத்தினேன். அதற்கு முன் நான் உம்மாவிடம் அப்படிக் கத்தியதில்லை.

"நான் இந்தியா எண்டு வாயாலயும் சொல்லல்ல மகன். அல்லாஹ் அறிய சொல்லல்ல."

"அப்ப என்னதான் சொன்னீங்க?"

"எனக்கு ஞாபகமில்ல மகன். கேட்டாரு, சொன்னன்."

"இனி ஒருத்தரோடயும் ஒரு சொல்லும் கதைக்காதீங்க!"

உம்மா வாயை மூடிக்கொண்டார். பயந்தவனுக்குக் கோபம் சுலபமாக வரும். எனக்கு அது தாராளமாகவே வந்தது.

பிறப்புப் பதிவைத் தேடித் தரும்படி மட்டக்களப்புக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, எழுத ஒரு படிவம் வாங்கினேன். வாப்பாவின் பெயரை எழுதினேன். அடுத்த வரி, அவருடைய தகப்பனின் பெயர். பேனா அந்தரத்தில் நின்றது. வாப்பா எனக்கு மூன்று வயதில் மௌத்தாகிவிட்டார். உம்மாவின் குடியை உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா, அவருக்கும் உம்மா என்று நித்திரையிலும் சொல்வேன். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியில்தான் வரும். வீடும் பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்து சேருவான். அரசாங்கம் கேட்டதோ எங்களில் ஒருவரும் மனப்பாடம் செய்யாத பக்கத்தை.

உம்மாவிடம் போய் அவருடைய மாமனாரின் பெயரைக் கேட்டேன்.

"மாமா எண்டுதான் கூப்பிடுவன். மாமாட பேரை ஆரு கேட்டா?" என்று மெல்லிய குரலில் சொன்னார். சொன்னது பிழையோ என்று உடனே என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு கிழமை இப்படியே போயிற்று. வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன். தலைமன்னாரில் இந்தியா போகும் கப்பல் நிற்பதாகவும் அதில் என்னை ஏற்றுவதாகவும் யோசித்தேன். இறங்கினால் அந்தக் கரையில் யாரிடம் போவது? அங்கே எனக்கு ஒரு குடியும் இல்லை.

வழி காட்டியது உம்மாவின் தம்பி. "விசரா, உன்ட வாப்பாட குடி தெரியுந்தானே? அந்தக் குடிட மரைக்காயரப் போய்ப் பாரு" என்றார். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் உண்டு. குடியில் யார் பிறந்தார், யார் முடித்தார் என்பதெல்லாம் அவர் கணக்கில் இருக்கும். வாப்பாவின் குடி மரைக்காயர் சம்மாந்துறையில் இருந்தார். சைக்கிளில் போனேன். நெல் ஆலைக்கு முன்னால் வண்டிகளுக்கு இடையில் நின்றுகொண்டிருந்த மரைக்காயரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கண்ணை மூடினார். என் வாப்பாவைப் பெற்ற உம்மாவின் பெயரைச் சொன்னார். அவருடைய உம்மா, சகோதரிகள், சகோதரிகளின் பெண்மக்கள் என்று மழை பெய்வது போலச் சொல்லிக்கொண்டே போனார்.

"வாப்பாட உம்மாவ முடிச்ச மாப்பிள்ளைட பேரு?" என்றேன்.

"மாப்பிள்ளையா? ஆரோ ஒரு நல்ல மனிசன் வந்தாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் கொஞ்சம் கூடுதல்.

அந்தப் பெண்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன். கச்சேரியின் பதிவறைக் கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர்.

"தகப்பன்ர தகப்பன் பேர் இல்லாமல் எப்பிடித் தேடுறது, தம்பி?"

"தாயிட பேரு இருக்கு, ஐயா."

"தாயின்ர பேரிலயோ?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என் முகத்தில் என்ன கண்டாரோ, மறுபடியும் போட்டுக்கொண்டார். வாப்பா பிறந்திருக்கக்கூடிய நாலு வருடப் பதிவேடுகளை இறக்கினோம். தகப்பன் பெயர் நிரலை விட்டுவிட்டு, தாயின் பெயர் நிரலில் மட்டும் விரல் வைத்து இறங்கினோம். தாள்கள் செல்லரித்துத் தொட்டால் உதிர்ந்தன. ஓர் ஓட்டை வரும்போதெல்லாம் வாப்பா அந்த ஓட்டைக்குள்தான் போயிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு பதிவேடுகள் முடிந்தன. மத்தியானமும் போயிற்று.

மூன்றாவது பதிவேட்டில், வாப்பாவைப் பெற்ற என் மூத்தும்மா இருந்தார். பக்கத்தில் வாப்பாவின் பெயர். அதற்கும் பக்கத்தில், நான் பிறந்து வளர்ந்து அன்றுவரை கேள்விப்படாத என் மூத்தாப்பாவின் பெயர். பிறந்த இடம், கிட்டங்கித் துறைக்கு அப்பால், ஆற்றின் மறுகரையில் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் குடியிருப்பு. காய்ச்சல் பரவி அங்கிருந்தவர்கள் சிதறிப்போனார்கள் என்று கிளாக்கர் சொன்னார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் தாள்களை என் கண்ணீர் எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.

விசாரணை நாளில் உம்மாவும் வர வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். பஸ்ஸில் இரண்டு தடவை சொன்னேன்: "நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். நான் கதைக்கிறன்." உம்மா முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

கந்தோரில், முதல் வாக்குமூலம் எடுத்த அதே விசாரணைக்காரர் நான் கச்சேரியில் எடுத்து வந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை வாசித்தார். பிறகு பழைய கோப்பை விரித்து, உம்மாவின் பெருவிரல் அடையாளம் இருந்த தமிழ் வாக்குமூலத்தை எடுத்தார். கணவர் எங்கிருந்து வந்தவர் என்ற கேள்விக்கு உம்மாவின் பதில் இரண்டே சொற்கள்தான். 'அக்கரையால் வந்தவர்.' அதற்குக் கீழே இங்கிலீசில் 'இந்தியா' என்று மொழிபெயர்த்திருந்தது.

"தம்பி, நான் வடக்குக் கடற்கரை ஆள்" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "எங்கட ஊரில அக்கரை எண்டால் இந்தியாதான். வேற கரை எங்களுக்கு இல்ல."

எங்களுக்கோ அக்கரை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். தோணியில் ஏறினால் ஒரு வெற்றிலை போடும் நேரம். உம்மா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. பதிவேடு சொன்னதையேதான் உம்மாவும் சொல்லியிருக்கிறார். நான் நம்பியது இங்கிலீசுக் கடிதத்தை.

"உன்ர பேரில இனி ஒரு பிரச்சினையும் இல்ல" என்று நியமனக் கடிதத்தில் முத்திரை குத்தினார். பழைய வாக்குமூலத்தை வெட்டிவிட்டு அம்மாவிடம் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும் என்றார். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு மரியாதையாகவே கேட்டார்.

"அம்மா, முதல்ல உங்கட பேரைச் சொல்லுங்கோ."

உம்மா வாய் திறக்கவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். உம்மா மைப்பெட்டியைப் பார்த்தார். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"சொல்லட்டா மகன்?" என்று கேட்டார்.