பிரேக் சத்தம் கேட்கப் போன சாயங்காலங்கள்

நெல் பால் பிடிக்கும்போது வயலிலிருந்து ஒரு பச்சை வாசம் வரும்... சாயங்காலம் குச்சனூர் ரோட்டில் நடந்தால் மூக்கில் ஏறும். அந்த வாசத்தை நினைத்தாலே எனக்குக் கூடவே "கீ...ச்" என்று ஒரு பிரேக் சத்தமும் கேட்கும்.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகிச் சின்னமனூர் வந்த புதுசு. மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார் என்று வீடு எந்நேரமும் விசேஷ வீடு மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேச இடம் கிடையாது. ராத்திரி மெதுவாகப் பேசினால்கூட அடுத்த அறையில் யாராவது இருமுவார்கள். கட்டிக்கொண்ட மனுஷர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமலே மாதங்கள் ஓடின. அது என்னை உள்ளுக்குள் அரித்தது.

அந்தச் சமயத்தில் மாமனார் செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்புக் கார் வாங்கினார். நல்ல கார்தான். பிரேக்கை மிதித்தால் மட்டும் தெருவே காதைப் பொத்தும்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பொதுவாகச் சொன்னார்.

"ஓட்டுறவனுக்கு எந்தச் சக்கரம் கத்துதுன்னு தெரியாது. வெளிய கூடவே நடந்து வந்து கேக்க ஒரு ஆளு வேணும்."

கொழுந்தன் உடனே எழுந்தான்.

"ரேடியோவ அலறவிட்டுக் கேக்குறவன் நீ. ஒனக்குக் காது பத்தாது. இவ வரட்டும்" என்று தம்பியை உட்காரவைத்து என்னைக் காட்டினார் என் வீட்டுக்காரர்.

"பொம்பளப் புள்ளைக்குக் கார்ல என்னடா வேலை?" என்றார் அத்தை.

மாமாதான், "போயிட்டு வரட்டும், சத்தம் நின்னாப் போதும்" என்றார்.

அப்படித் தொடங்கியது... தினமும் சாயங்காலம் குச்சனூர் ரோடு. அவர் காரை நடை வேகத்தில் உருட்டுவார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்துப் பக்கம் குனிந்தபடியே நடப்பேன். அவர் மிதிப்பார், கீச்சென்னும். பின்னால் இடது பக்கம் என்பேன். மறுநாள் முன்னால் வலது பக்கம் மாதிரி கேட்கும். வரப்பில் புல் அறுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

கேட்டு முடிந்ததும் வாய்க்கால் பாலத்தில் நிறுத்திப் பேசுவோம். கத்தரிக்காய் தின்றால் எனக்கு நாக்கு அரிக்கும், புகுந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாள் சொன்னேன். மறுநாள் சாப்பாட்டில், "ஆத்தா, கத்தரிக்கா எனக்கு அரிக்குது, இனிமே வேணாம்" என்றார் அவர். அவருக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். எனக்கு உண்மையில் அன்றைக்குத்தான் கல்யாணம் ஆனது என்று சொல்வேன்.

இதற்குள் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. மாட்டு வண்டியோடு வளர்ந்தவர். சக்கரம் கத்தினால் எண்ணெய் விட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை இப்படி அல்லாடுகிறானே என்று ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல், நாலு சக்கரத்துக்குள்ளும் விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டார்.

எங்களுக்குத் தெரியாது. அன்று வாய்க்கால் மேட்டிலிருந்து கார் இறங்குகிறது. அவர் பிரேக்கை மிதித்தார்.

"சத்தமே வரலைங்க" என்றேன்.

காரும் நிற்கவில்லை. ஆடி அசைந்து போய் வயலுக்குள் மூக்கை நுழைத்துத்தான் நின்றது.

ஓடினேன். அவர் சேற்றில் இறங்கி, சக்கரத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார். "வெளக்கெண்ணெ... அப்பா வேலை" என்று சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றது.

"போச்சு புள்ள. இனி நாலையும் கழத்திக் கழுவித்தான் ஆகணும். அதோட சத்தமும் போயிரும்."

"போனா நல்லதுதான?"

"உள்ள தூசி அடஞ்சு பிரேக் கட்டை வழவழன்னு ஆகிப்போச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சாத் தீந்துச்சு. மொத நாளே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் தேய்க்கல?"

"தேச்சுட்டா, ஒன்ன என்ன சொல்லி இங்கன கூட்டிட்டு வர?"

அந்தச் சேற்றிலேயே நின்று அழுதேன். சந்தோஷமும் இருந்தது, நாளையிலிருந்து இது இல்லையே என்ற பயமும் இருந்தது.

மாமாவே மாடுகளை ஓட்டிவந்து காரை வெளியே இழுத்தார். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று அவரிடம் சொன்னோம். மறுநாள் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கழற்றி, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் குடித்த கட்டைகளை மாற்றினார். சத்தம் அடியோடு போனது. "நாலு சொட்டு வெளக்கெண்ணெ... எதுக்குய்யா மெக்கானிக்கு?" என்று மாமா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எண்ணெய்க் குப்பியை மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

அப்புறம் கொஞ்ச நாள் அடுப்படியே கதி. ஒரு நாள் சாப்பிடும்போது அவர் மறுபடியும் பொதுவாகச் சொன்னார்.

"இஞ்சின்ல ஏதோ வாடை வருது. மோந்து பாக்க ஒரு ஆளு வேணும்."

அத்தைதான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்திரிச்சுப் போடி. ஒனக்குத்தான மூக்கு இருக்கு" என்றார்.

இப்போது வெளியூரிலிருந்து வந்து போகும் மகனுடைய காரில் எல்லாவற்றுக்கும் ஒரு லைட் எரிகிறது. என்ன கோளாறு என்று காரே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் நடந்து வந்து கேட்க ஆள் தேவையில்லை.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அத்தனை பேர் இருந்த வீட்டில் இன்று நான் மட்டும். பேச யாருடைய அனுமதியும் வேண்டாம், இடம் தேட வேண்டாம். அவரிடம் சொல்ல வேண்டியதுதான் நிறையச் சேர்ந்து கிடக்கிறது.

சாயங்காலம் ஆனால்... யாராவது ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி என்னை வெளியே கூட்டிப் போக மாட்டார்களா என்று இருக்கிறது.