வேர் விடாத பதியம்

மல்லிகைக் கொடியில் பதியம் போடுவது என் அத்தைக்குக் கைவந்த வேலை. அப்பாவின் அக்கா அவர். மலேசியாவில், கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. தரையோரமாக ஓடும் கிளையாகப் பார்த்து எடுப்பார். பால் வெட்டும் கத்தியால் கணுவுக்குக் கீழே தோலை மட்டும் லேசாகச் சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள் வளைத்துப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைப்பார். நுனி மட்டும் வெளியே தலையை நீட்டிக்கொண்டு இருக்கும். நன்றாக வேர் விட்ட பிறகுதான் தாய்க்கொடியிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். லயத்தில் பாதி வீட்டு வாசலில் பூத்தது அத்தை போட்ட பதியம்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாமாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, மாமாவுக்கு அது கிடைக்கவில்லை. பினாங்கில் கப்பல் ஏறி இந்தியாவுக்கு, ஊருக்கே போய்விடுவது என்று முடிவானது. அத்தை இங்கேயே பிறந்தவர். அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்த மல்லியில ஒரு பதியம் கொண்டுட்டுப் போவணும். அது வேர் வுடட்டும், அப்புறமா டிக்கெட் எடுங்க."

மாமா சரி என்றார்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. நான் சாப்பிட்டது, தூங்கியது, தலை பின்னிக்கொண்டது எல்லாம் அங்கேதான். அதனால் எனக்கு விஷயம் மிகவும் சுலபமாகத் தெரிந்தது. வேர் வந்தால் அத்தை போய்விடுவார். வராவிட்டால் போகமாட்டார்.

பள்ளி விட்டு வந்ததும், அத்தை பால் நிறுக்க ஸ்டோருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கல்லைத் தூக்குவேன். வெள்ளை நூல் மாதிரி வேர் எட்டிப் பார்க்கும். நகத்தால் கிள்ளிவிட்டுப் பழையபடி மண்ணை மூடுவேன். கொடியிடம் மன்னிப்பும் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் மாமா அத்தையிடம் கேட்பார். "என்னா, ஒன் மல்லிக்குப் பாஸ்போட்டு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"கவர்மெண்ட விட சூசாவா, கஷ்டமா இருக்கு லா இது!"

"இருந்துட்டுப் போவுது. அங்க ஒங்களுக்கு யாரு வெத்தல பாக்கு வெச்சிக்கிட்டு நிக்கிறா?"

ஒரு கப்பல் போனது. அதற்குப் பிறகு ஒரு நாள் கல்லைத் தூக்கினால், எனக்கு வேலையே மிச்சமில்லை. வந்திருந்த வேர்கள் எல்லாம் அடியோடு அறுபட்டிருந்தன. கத்தியால் சீவிய மாதிரி நேராக, சுத்தமாக. புழு கடித்திருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. அந்தப் புழுவுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். கிள்ளும் பாவம் என் கையை விட்டுப் போனதே!

கடைசியில் மூன்றாவது கப்பலில்தான் அவர்கள் போனார்கள். நான் சொல்ல வந்தது, இரண்டாவது கப்பலுக்கு நாள் நெருங்கியிருந்த ஒரு மத்தியானத்தை.

மாமா தோட்டத்து நாற்றுமேடையில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டும் வேலை செய்தவர். அன்றைக்கு அவரே வந்து பதியத்தின் முன்னால் குந்தினார். நான் வாளியில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். கல்லை எடுத்தார். மண்ணை விரலால் தள்ளிவிட்டுக் கிளையை மெதுவாக மேலே தூக்கினார். வேர் அறுபட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றுபோயிருந்தது.

மாமா கிளையைத் திரும்பவும் குழிக்குள் வைத்தார். மண்ணைத் தள்ளி மூடிக் கல்லை வைத்தார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"இன்னும் புடிக்கல. அடுத்த கப்பல்ல பாப்போம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணி ஊத்து மருமவளே. காயவுட்டுறாத."

எனக்கு ஒரே ஆச்சரியம். எத்தனையோ கன்றுக்கு ஒட்டுக்கட்டிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே! சந்தோஷத்தில் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அத்தை அடுப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஆசைப்பட்ட செடி பிடிக்கவில்லையே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழாத அத்தே," என்றேன். "அடுத்த கப்பலுக்குள்ள கண்டிப்பா வேர் வுட்டுரும்."

அத்தை முன்னைவிட அதிகமாக அழுதார்.