அவுத்துவிட்டாத்தான் தெரியும்

தேங்காயோ பச்சைப் பிள்ளையோ, எதையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உமாதேவி பேச ஆரம்பிப்பாள். கம்பத்தில் எடைமேடை நடத்துகிறவளுக்கு அது தொழில் பழக்கம். அன்று காலை என் வேனிலிருந்து இறக்கிய மூன்று சைக்கிள்களையும் அப்படித்தான் ஒற்றைக் கையால் தூக்கித் தூக்கி வைத்தாள். "முட்டைகோசு மூடையில கால்வாசி கூட இல்லையேண்ணே. இதுக்கா இம்புட்டு விலை?" என்றாள் என்னிடம்.

எனக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. வயது நாற்பதை நெருங்குகிறது. குள்ளம், அகன்ற தோள், கெண்டைக்காலில் மட்டும் கல்லைக் கட்டியது போல் சதை. விடிந்ததும் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடித்து, குளித்துப் பூ வைத்துக்கொண்டு, முதல் லாரி வருவதற்குள் எடைமேடையில் உட்கார்ந்திருப்பாள். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் டிரைவர்கள் 'சேச்சி, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க' என்று குழைந்தால் மலையாளத்திலேயே திட்டுவாள்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிற்காமல் செய்கிற பந்தயத்துக்கு ட்ரையத்லான் என்று பெயர். எங்கள் ஊரில் 'மூணு பந்தயம்'. அவள் நீச்சல் படித்தது திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில். கிணற்றில் நீளமாகப் போக வழியில்லை, சுற்றித்தான் வர வேண்டும். சுற்றியதும் ஒரே பக்கமாக, செக்குமாடு மாதிரி. அதனால் முதன்முதலாகக் கடலில் இறங்கியபோது வளைந்து வளைந்து புறப்பட்ட கரைக்கே திரும்பி வந்துவிட்டாள். படகில் இருந்த காவல்காரர், "அம்மா, போட்டி அந்தப் பக்கம்" என்று கத்தினாராம். இதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பிறகு வாய்க்காலில் தண்ணீர் வந்த மாதங்களில் நேராக நீந்திப் பழகி, போன வருடம் கிழக்குக் கடற்கரைப் போட்டியில் அவள் வயதுப் பெண்களில் முதல் ஆளாகக் கரையேறினாள்.

அதை ஊர் பேசவில்லை. அடுத்து நடந்ததைத்தான் பேசியது. இரவல் சைக்கிளில் வேகமாகத்தான் வந்தாள். இறங்கினாள். கால் பூட்டிக்கொண்டது. ஓட வேண்டிய இடத்தில், கேமராவுக்கு முன்னால், தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். கம்பமே அதை போனில் பார்த்தது. "எடைமேடைக்காரி எடை தாங்காம உக்காந்துட்டா" என்று எவனோ ஒருவன் சொன்னது பஸ் ஸ்டாண்டு வரை போனது. இந்தக் கதையை மட்டும் அவள் சொல்லிச் சிரித்ததில்லை.

இந்த வருடம் சொந்த சைக்கிள். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் ஞானதுரை அண்ணாச்சி வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். சைக்கிளிலும் சட்டையிலும் அவர் கடைப் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. கோயம்புத்தூர்க் கடையில் மூன்று சைக்கிளை ஓட்டிப் பார்க்கக் கொடுத்து, கூடவே மெக்கானிக் ஜெபாவையும் அனுப்பியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். போட்டிக்கு ஒரு மாதம் கூட இல்லை.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் ரோட்டில், சோணையம்மாள் டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் வேனை நிறுத்தினோம். அண்ணாச்சியும் போடியிலிருந்து வந்து சேர்ந்தார். ஆனி மாதம். மேற்கே இருந்து மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்று திராட்சைப் பந்தலையே ஆட்டிக்கொண்டிருந்தது. கை ஊன்றிப் படுத்துக்கொள்வதற்காகச் சைக்கிளின் முன்னால் இரண்டு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சோணையம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏத்தா உமா, சைக்கிளுக்கு எதுக்கு கொம்பு வச்சிருக்காக? முட்டுமா?"

"முட்டாதுத்தா. ஆளைத்தான் கீழ தள்ளும்."

உமாதேவியின் அப்பா மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டி ஓட்டியவர். பந்தயத்தில் மாட்டை உயரம் பார்த்துப் பிரிப்பார்கள்: பெரிய மாடு, அதைவிடக் குட்டை கரிச்சான், சின்னது தட்டான்சிட்டு. கம்பெனிக்காரன் வைத்த பெயர் எதுவும் அவள் வாயில் நுழையவில்லை. பின்சக்கரம் கம்பியே தெரியாமல் தட்டு மாதிரி மூடியிருந்ததற்குப் பெரிய மாடு என்றாள். சிவப்பாக, விரலால் தூக்கலாம் போல இருந்தது தட்டான்சிட்டு. பளபளப்பு எதுவும் இல்லாத கறுப்பு, கரிச்சான்.

"அக்கா, மூணையும் உங்க அளவுக்குத்தான் சரிபண்ணி வச்சிருக்கேன். இனி சைக்கிள் பாடு, உங்க பாடு," என்றார் ஜெபா.

முதலில் பெரிய மாடு. ஏறிப் படுத்தாள், விர்ரென்று ஒரு சத்தம், ஆளைக் காணோம். சுருளிப்பட்டி போய்த் திரும்பி வந்தபோது டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி துள்ளிவிட்டார். "பறந்துட்டியே தாயி! இதேதான். போட்டோவுக்கு ஆளைச் சொல்லிருவோமா?"

"பொறுங்கண்ணாச்சி. இன்னும் அவுத்துப் பாக்கலையே."

எங்கள் பக்கம் பந்தய மாடு வாங்குகிறவன் அது ஓடுவதைப் பார்ப்பான். ஆனால் முடிவு சொல்வது நுகத்தடியிலிருந்து அவிழ்த்த பிறகுதான். தலையை உதறிவிட்டு நடை போட்டால் அது மாடு. கால் மாற்றி மாற்றி நின்றால், எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் பேச்சில்லை. 'அவுத்துவிட்டாத்தான் தெரியும்' என்பது அவள் அப்பா பேச்சு. உமாதேவி சைக்கிளை ஜெபா கையில் கொடுத்துவிட்டு, இறங்கிய காலோடு டீக்கடையைப் பார்த்து ஓடினாள். ஓட்டமா அது? கடப்பாரையை விழுங்கியவள் மாதிரி இருந்தது. கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூச்சு வாங்கி, ஆறி உட்கார்ந்து, அடுத்தது தட்டான்சிட்டு. பந்தல் முடிந்து வெட்டவெளி வந்ததும் பக்கக் காற்று அதைப் பிடித்து உலுக்கியது. பின்னால் வேனில் போன நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். "இத நான் ஓட்டலண்ணே, காத்து ஓட்டுது," என்று திரும்பி வந்து ஒதுக்கி வைத்தாள்.

கரிச்சான் சத்தமில்லாமல் போனது, சத்தமில்லாமல் வந்தது. பெரிய மாட்டை விடத் தாமதம்தான். இறங்கி டீக்கடை வரை கால் பூட்டாமல் ஓடிவிட்டு, சாவகாசமாக நடந்து திரும்பினாள். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் காலைப் பார்க்கவில்லை.

"இதாண்ணாச்சி," என்றாள்.

"மெதுவா வர்றதையா? என்னத்தா வெளையாடுறியா? நாலு பேரு பாத்தா வாயைப் பொளக்கணும். இது தபால்காரர் சைக்கிள் மாதிரி இருக்கு. எம் பேர எழுதுனாக்கூட எடுப்பா தெரியாது. வாங்குனா அந்தப் பெருசு. இல்லன்னா எனக்கு வேற சோலி இருக்கு."

நியாயமாகப் பார்த்தால் கொடுக்கிறவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் கண்ணைக் காட்டினேன். அவள் கரிச்சானை வேனில் சாய்த்து வைத்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"அப்ப வேணாம்ண்ணாச்சி. ஜெபா தம்பி, மூணையும் ஏத்திருங்க. நான் எரவலையே மிதிச்சுக்கிறேன்."

ஜெபா அசையவில்லை. சோணையம்மாள் கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ரோசத்தைப் பாரு," என்றார் அண்ணாச்சி.

"ரோசமில்லண்ணாச்சி. வேகமா வந்து மறுக்கா நான் ரோட்டுல உக்காந்தேன்னு வைங்க. சட்டையில இருக்கிற உங்க கடைப் பேரும்ல என்கூடச் சேந்து உக்காரும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் துடைப்பது போல் அதை மறைத்தார். "சரி. நான் பாக்கல. இப்ப பாக்குறேன். அந்தக் கறுப்புலயே திரும்பப் போயிட்டு வந்து ஓடிக் காட்டு. உக்காந்தேன்னா நான் சொல்றதுதான்."

மூன்று தடவை மிதித்த கால். வெயில் ஏறிவிட்டது. காற்றும் காலையில் இருந்ததை விட ரெண்டு பங்கு. நானாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கொம்பில் கையை ஊன்றிப் படுத்துவிட்டாள்.

திரும்பி வருவது தூரத்திலேயே தெரிந்தது. முதுகு ஆடவில்லை. பந்தய வண்டிக்காரன் குழியைப் பார்த்து வண்டியை விலக்குவது போல ஒவ்வொரு குழியையும் விலக்கி வந்தாள். அண்ணாச்சி இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ரோட்டு ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் ஓடுகிற சைக்கிளிலிருந்தே ஒரு காலைத் தூக்கிப் போட்டு இறங்கி, அதை ஜெபாவிடம் தள்ளிவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி அண்ணாச்சி பக்கம் எறிந்தாள். அவர் இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

முதல் நாலைந்து எட்டு கொஞ்சம் முரடாக விழுந்தது. அப்புறம் கால் வழிக்கு வந்துவிட்டது. தார் ரோட்டில் ஷூ சத்தம் தப்பாமல் கேட்டது.

"ஜெபா," என்றார் அண்ணாச்சி, அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த ரெண்டையும் வேன்ல ஏத்துங்க. கறுப்பு இங்கன இருக்கட்டும்."

"ஏத்தா, போதும், நில்லு! டீ ஆறுது!" என்று கத்தினாள் சோணையம்மாள்.

உமாதேவி டீக்கடையைத் தாண்டிவிட்டாள். அதற்கு அப்பால் இருந்த பாலத்தையும் தாண்டினாள். ஓடிக்கொண்டே பின்னால் கையை விட்டு, முதுகில் அடித்துக்கொண்டிருந்த சடையை இழுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.