தமிழ்த்துறையில் ஒரு சர்வர்

பல்கலைக்கழக வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவளை நலம் விசாரிப்பதற்காக யாரும் போனில் கூப்பிடுவதில்லை. போன் வந்தால் ஏதோ ஒரு பக்கம் திறக்கவில்லை, அல்லது ஒருவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' விட்டுப்போயிருக்கிறது, அதுவும் இல்லையென்றால் ஒருவர் படத்துக்குக் கீழே இன்னொருவர் பெயர் இருக்கிறது என்று அர்த்தம். பூந்தமல்லியைத் தாண்டி, ஒரு ஏரியை ஒட்டி இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் எனக்கு இந்த வேலை. அயனம்பாக்கத்தில் வீடு, ஸ்கூட்டரில் போய் வருகிறேன். என் பெயர் அங்கே பலருக்குத் தெரியாது. 'வெப்சைட் மேடம்' என்று கேட்டால் வாட்ச்மேன்கூட வழி சொல்வார். "அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்களேன்" என்ற வாக்கியத்தை நாளெல்லாம் கேட்கிற என் இனத்தவர் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆறுதலாக வேண்டுமானால் இருக்கலாம்.

கறுப்பு முடி

மெக்கானிக்கல் துறைத் தலைவரின் பக்கத்தில் இருந்த படம் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எடுத்தது. அடர்த்தியான கறுப்பு முடி, மெல்லிய மீசை, பெரிய காலர். இப்போது முன்பக்கம் வழுக்கை, மிச்சம் இருப்பது வெள்ளை. புதுப் படம் கொடுங்கள் சார் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். படத்தில் என்ன இருக்கிறது, என் கட்டுரைகளை ஒழுங்காகப் போட்டால் போதாதா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அட்மிஷன் சமயத்தில் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு தம்பதி, மகளைச் சேர்க்கலாமா என்று விசாரிக்க வந்தார்கள். செல்போனில் அவருடைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, துறைத் தலைவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் அறைக்கே போய்விட்டார்கள். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தார்கள். மோர் வரவழைத்துக் கொடுத்தார், குடித்தார்கள். பாடத்திட்டம், வேலைவாய்ப்பு என்று அவர் பேசப் பேச மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அந்த அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பெரியவர் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்ததற்கு ரொம்ப நன்றி, உங்கள் மகன் எப்போது வருவார் என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை அவரே என் அறைக்கு வந்து மேஜைமேல் ஒரு பென்டிரைவை வைத்தார். அதில் ஒரே ஒரு படம், முதல்நாள் சாயங்காலம் எடுத்தது. "இதைப் போட்டுடுங்க மேடம். என் பையனுக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிடுச்சு."

மினுக்கும் 'நியூ'

எங்கள் முகப்புப் பக்கத்தில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் பக்கத்தில் 'நியூ' என்று சிவப்பாக ஒரு சொல் மினுக்கிக்கொண்டிருக்கும். நான் சேர்வதற்கு முன்பே யாரோ வைத்தது. கொரோனாவுக்கு முன்னால் நடந்து முடிந்த கருத்தரங்குக்குப் பக்கத்திலும் அது மினுக்கியது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, பழைய அறிவிப்புகளில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வணிகவியல் துறையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியை நேரில் வந்தார். கோபம் இல்லை, வருத்தம்தான். கருத்தரங்கு முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டதே, அதைப் புதிது என்று எப்படிச் சொல்வது என்று பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு எழுந்தார். கதவருகில் நின்று சொன்னார்: "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அது மினுக்கிட்டிருந்த வரைக்கும் நாங்க ஏதோ பண்ணிட்டிருக்கோம்னு ஒரு தெம்பு இருந்துச்சு."

கைப்பைக் கடை

ஒருநாள் காலை கூகுளில் எங்கள் இயற்பியல் துறையைத் தேடினால், துறையின் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் என்னவோ வந்தது. அதைத் தொட்டால் வரிசை வரிசையாகப் பெண்களின் கைப்பைகள், எல்லாம் தள்ளுபடியில். அடுத்த வாரம் தரச் சான்று கொடுக்கும் கமிட்டி வருகிறது. அவர்கள் முதலில் திறந்து பார்ப்பது வெப்சைட்டைத்தான்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சலீமைக் கூப்பிட்டேன். பூந்தமல்லிக்காரர், எதற்கும் பதறாதவர். திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கடையே போட்டுட்டானா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தத் துறையில் எப்போதோ போட்டோக்கள் போடுவதற்கென்று ஒரு மென்பொருளை நிறுவி, அப்படியே மறந்துவிட்டிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக யாரோ உள்ளே வந்திருந்தார்கள். துறையின் பக்கத்தை இறக்கிவிட்டு, வேறு எங்கெல்லாம் கைவைத்திருக்கிறார்கள் என்று பகல் முழுக்க ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடினோம். சாப்பாடு, கேன்டீன் பிரெட் ஆம்லெட்தான். நல்லவேளை, வேறு எங்கும் போகவில்லை. துறைத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். திட்டுவார் என்று தயாராகப் போனவளிடம், எவ்வளவு பேர் அந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று விசாரித்தார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்க பக்கத்துக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே இல்ல மேடம். கமிட்டி வந்துட்டுப் போற வரைக்கும் அதைத் திரும்ப ஏத்தி வைக்கலாமா?"

நைனா வருவதற்குள்

செமஸ்டர் ரிசல்ட் வெளியாகும் நாளில் என் அறைக்கு வழக்கமாக ஆசிரியர்கள்தான் வருவார்கள். அன்று ஒரு மாணவன் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனுடைய அப்பாவுக்கு வேலை. கணக்குப் பேப்பரை நினைத்து பயந்துபோயிருந்தான். ரிசல்ட் பக்கத்தை அப்பாவின் போனிலேயே பார்ப்பது என்று வீட்டில் ஏற்பாடாம். நைனா கம்பெனியில் எல்லார் முன்னாலும் போனைத் திறந்து பார்த்துவிடுவார், சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவர் வீட்டுக்கு வரும் வரைக்குமாவது சர்வரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கெஞ்சினான். அப்படியெல்லாம் செய்யக்கூடாது, ரிசல்ட் நேற்றே முடிவாகிவிட்டது, பக்கம் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மார்க் மாறாது என்று சொல்லி அனுப்பினேன்.

ரிசல்ட் போட்ட கொஞ்ச நேரத்திலேயே, எல்லாரும் ஒரே சமயத்தில் வந்து மோதியதில் சர்வர் தானாகவே படுத்துவிட்டது. நானும் சலீமும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போராடினோம். ஆவடியிலிருந்து ஒரு அம்மா, பெண் அழுதுகொண்டிருக்கிறாள், மார்க்கை நீங்களாவது வாயால் சொல்லிவிடுங்கள் என்று திரும்பத் திரும்பப் போன் செய்தார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒருவழியாக ஏற்றிவிட்டோம்.

மறுநாள் அந்த மாணவன் மைசூர்பாகு டப்பாவோடு வந்து நின்றான். எல்லாப் பேப்பரிலும் பாஸ். சர்வரை நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ரகசியம் காப்பவனைப் போலச் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான்: "நீங்க எறக்கி ஏத்துனதுலதான் மேடம் பாஸாயிட்டேன். என் மச்சான் ஒருத்தன் கீறான், அவனுக்கும் ஒருவாட்டி பண்ணிக் குடுங்க."

மாடி ஏறிய சர்வர்

எங்கள் சர்வர் அறை தரைத்தளத்தில், ஏரியைப் பார்த்தபடி இருந்தது. அங்கே ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் காற்றோட்டமான இடம் என்பார்கள். ஒரு டிசம்பரில் மழை விடாமல் பெய்து ஏரி தளும்பியது. மறுநாள் பரீட்சை. அதைத் தள்ளிவைப்பதாகப் பதிவாளர் முடிவு செய்துவிட்டார். அறிவிப்பை வெப்சைட்டில் போட வேண்டும், இல்லையென்றால் ஆவடியிலிருந்தும் ஐயப்பன்தாங்கலிலிருந்தும் பிள்ளைகள் விடிந்ததும் முட்டியளவு தண்ணீரில் கிளம்பிவிடுவார்கள். நான் அறிவிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது சலீம் கதவைத் திறந்து, கீழே பார்த்து, அமைதியாகச் சொன்னார். "ஏரி உள்ள வந்துகினு கீது மேடம்."

சர்வரை முறையாக நிறுத்தி, கழற்றி, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கினோம். அதன் எடை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. படியில் ஒரு தடவை என் செருப்பு வழுக்கியபோது, நான் விழுந்தாலும் பரவாயில்லை, இது விழக்கூடாது என்றுதான் தோன்றியது. முதல் மாடியில் திறந்திருந்தது தமிழ்த்துறை மட்டுமே. வீட்டில் கரண்ட் இல்லை என்று பேராசிரியர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மேஜைமேல் இருந்த ஆண்டுமலர்களையும் நூல்களையும் அள்ளித் தரையில் வைத்து இடம் செய்தார். ஜெனரேட்டர் தாங்க வேண்டுமே என்று மின்விசிறியையும் விளக்கையும் அணைத்தார். சலீம் வராந்தாவிலிருந்து ஜன்னல் வழியாகக் கேபிளை இழுத்து மாட்டினார். சர்வர் உறுமி, விளக்குகள் எரிந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

அறிவிப்பைப் போடப் போனேன். பேராசிரியர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, 'வைக்கபட்டுள்ளது' என்பதில் ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேர்க்காமல் போடக்கூடாது என்றார். சேர்த்தேன். பிறகுதான் போட விட்டார். கொஞ்ச நேரத்தில், பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள் என்று ஹாஸ்டலிலிருந்து செய்தி வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் வடிகிற வரைக்கும் சர்வர் அங்கேயேதான் இருந்தது. உள்ளே வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசச் சொன்னார் பேராசிரியர். பதிவாளர் நிலைமையைப் பார்க்க வந்தபோது எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. இந்தப் பல்கலைக்கழகம் இப்போது தமிழ்த்துறையிலிருந்துதான் ஓடுகிறது."

சாம்பல் நிறப் பக்கம்

வெப்சைட்டுக்குப் புது வடிவம் கொடுத்தபோது, வேலையில் இல்லாதவர்களின் பக்கங்களையெல்லாம் நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவற்றில் ஒன்று வேதியியல் துறை தனசேகரன் சாருடையது. நான் சேரும் முன்பே இறந்துபோனவர், நேரில் பார்த்ததில்லை. சாம்பல் நிறப் பின்னணி, படம்கூடக் கிடையாது. வெறும் கணக்குகளும் அவற்றைப் போடும் விதமும். நடுநடுவே மாணவர்களோடு பேசுவார். 'இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். வெட்கப்படாமல் முதல் வரிக்குத் திரும்பி வாருங்கள்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். எங்கெங்கோ இருக்கும் கல்லூரிகளிலிருந்து இன்னமும் அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

பதிவாளரிடம் போய் இதை மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்டேன். கண்டிப்பானவர். ஆளே இல்லாதபோது பக்கம் எதற்கு, ஒருவருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். தனசேகரன் சாரின் மாணவியாக இருந்து இப்போது அதே துறையில் பாடம் எடுக்கும் வசந்தி, தன் பெயரில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். பதிவாளர் அதற்கும் மறுத்துவிட்டார். பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தை இறக்கினேன். அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இரண்டொரு நாளில் பதிவாளர் என் அறைக்கு வந்தார். எங்களைத்தான் அவர் கூப்பிட்டனுப்புவார், அவராக வந்ததில்லை. உட்காரவும் இல்லை. என் மேஜைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கெமிஸ்ட்ரிப் பக்கத்தைத் திரும்பப் போட முடியுமா, அந்த மேடம் பெயரிலேயே இருக்கட்டும் என்றார். அப்போதே போட்டேன். சாம்பல் நிறம் திரையில் வந்ததும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பினார். "என் பொண்ணு வேற காலேஜ்ல படிக்கிறா. இதை வச்சுத்தான் படிக்கிறாளாம், ரெண்டு நாளா சாப்பிடல. எடுக்கச் சொன்னது யாருன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க மேடம்."

கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். இந்த வேலையில் கம்ப்யூட்டரோடு மட்டும் எனக்கு இதுவரை ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை.