சிவப்புக் கோட்டைத் தாண்டிய பிளக்

என் அம்மா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்தாள். ஒரு கார், ஒரு ஆசிரியை, பெயர்ப்பலகை கிடையாது. முப்பது வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்க மாட்டாள். "அவங்களுக்குப் பயமே இல்ல. எனக்கு இருக்கு" என்பாள். ஆகவே நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள்தான் வந்தார்கள். தன் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்க நேரும்போதெல்லாம் "மன்னிச்சுக்கோ" என்பாள். மாணவியிடம் அல்ல, காரிடம்.

காரின் பராமரிப்பும் அவளே. ஆயில் துளையை மூடும் எந்தப் பிளக்கையும் அளவாக இறுக்கிவிட்டு, நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போடுவாள். பாதி பிளக்கின் மேல், பாதி அது உட்கார்ந்திருக்கும் உலோகத்தின் மேல். அடுத்த முறை அந்த இரண்டு பாதிகளும் சேரும் வரை இறுக்கினால் போதும். நான் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர் ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தாள். "நல்லா இருக்கு. நீயே வெச்சுக்கோ" என்றாள். அந்த நகப்பூச்சை நகத்தில் அவள் பூசி நான் பார்த்ததே இல்லை.

அவள் இறந்த ஏழாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காருக்கு கியர் ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். காரணம் தையல்காரம்மா. அம்மாவின் கடைசி மாணவி. வயது ஐம்பத்தெட்டு. ஏற்கெனவே இரண்டு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றவர். முதல் முறை, அதிகாரி கேட்ட கேள்விக்குக் கைகளை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். இரண்டு கைகளையும். இரண்டாம் முறை, இரண்டாவது கியர் கரகரவென்று கத்தியது. எதையோ உடைத்துவிட்டோம் என்று நடுத்தெருவில் இறங்கி நின்றுவிட்டார். தப்பு உங்களுடையதல்ல, ஆயில் பழசு, அடுத்த தேர்வுக்குள் மாற்றிவிடுகிறேன் என்று அம்மா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குள் ஆஸ்பத்திரி. மூன்றாவது தேர்வு திங்கள் காலை பத்து மணிக்கு. வேறு காரில் ஏறவே மாட்டேன் என்று தையல்காரம்மா சொல்லிவிட்டார்.

கியர்பெட்டிக்கு இரண்டு பிளக். அடியில் இருப்பது பழைய ஆயிலை வடிக்க. பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது புதியதை ஊற்ற. "மேல திறக்காம கீழ திறக்காதே." அம்மா இதைச் சொல்லாத நாள் குறைவு. நான் கீழே திறந்தேன். புத்தி எங்கேயோ இருந்தது. ஆயில் முழுக்கத் தட்டில் இறங்கிய பிறகுதான் மேல் பிளக்கில் ஸ்பேனரை மாட்டினேன். அசையவில்லை. பலமாக இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கியது, பிளக்கின் ஒரு முனை மழுங்கியது.

கியர்பெட்டி காலி. ஊற்ற வழியில்லை. அப்படியே ஓட்டினால் ஒரு தெரு தாண்டுவதற்குள் பல்சக்கரங்கள் தேய ஆரம்பித்துவிடும். பட்டறைகள் எல்லாம் பூட்டு. மிச்ச முனைகளும் மழுங்கினால் தையல்காரம்மாவின் தேர்வு அவ்வளவுதான்.

அவரே நாலு மணிக்குப் பயிற்சிக்கு வந்து நின்றார். கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது.

"என்ன பாப்பா, சக்கரத்தைக் காணோம்?"

"நான்தான் கழட்டினேன் பெரியம்மா. மேல் பிளக் வர மாட்டேங்குது."

"கீழ்ப் பிளக்?"

"அது வந்துடுச்சு."

"முதல்லயே திறந்துட்டியா?"

நான் ஸ்பேனரைத் துடைத்தேன்.

"எனக்குக் கியர் எதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே டீச்சர் இதைச் சொல்லிக்கொடுத்துட்டாங்க. நீ இன்ஜினியர்னு வேற சொன்னாங்க!"

அப்பா மூன்று டம்ளர் டீயோடு வந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். காரோடு அவருக்கு இருந்த உறவு, பின் இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுதான். "உங்க அம்மா கை அப்படிம்மா. அவ மூடின பாட்டிலை நான் என்னிக்குத் திறந்திருக்கேன்?" என்றார். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

மறுபடி காரின் அடியில் போய்ப் படுத்தேன். "ஏம்மா இப்படி இறுக்கின?" என்று வாய்விட்டே கத்தினேன். ஏழு வாரத்தில் அவள் மேல் வந்த முதல் கோபம். வந்தது நல்லதாகத்தான் இருந்தது. பிளக்கைச் சுற்றி இருந்த அழுக்கைத் துணியால் தேய்த்தேன். சிவப்புக் கோடு தெரிந்தது. இரண்டு பாதிகளும் சேரவில்லை. பிளக்கின் கோடு, உலோகத்தின் கோட்டைத் தாண்டிக் கட்டைவிரல் அகலம் போயிருந்தது.

அம்மா ஒரு மயிரிழை கூடத் தாண்ட மாட்டாள்.

"அப்பா, போன தடவை ஆயில் மாத்தினது யாரு?"

மேலே டம்ளர் வைக்கும் சத்தம்.

"அவதான் மாத்தினா."

"பிளக்கை இறுக்கினது?"

"அவளால கையைத் தூக்க முடியல. தோள்ல வலி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னா. கோடு சேர்ற வரைக்கும் போதும்னுதான் சொன்னா. ஒழுகிச்சுன்னா நீ வந்து பார்ப்ப, எல்லாம் தெரிஞ்சுடும்னு எனக்குப் பயம். அவ கை கழுவப் போனப்ப, படுத்துக்கிட்டு ஸ்பேனரைக் குதிகாலால உதைச்சேன்."

"எத்தனை உதை?"

"மூணு."

இந்தப் பிளக்குக்கு நாற்பது அலகு விசை போதும். குதிகால் உதைக்கு எந்த அட்டவணையிலும் எண் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது சிரிப்பாக இல்லை. காரின் அடியில் யாருக்கும் முகம் தெரியாது, அது ஒரு வசதி.

வெளியே தையல்காரம்மா அப்பாவைக் கேள்வி கேட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏன் சார், ஆயிரம் பக்கத்துல ஒரு புள்ளி தப்பினா கண்டுபிடிக்கிறவரு, இத்தனாம் பெரிய கோடு கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னு தோணிச்சு."

அவசரத்தை விட்டுவிட்டு ஒழுங்காகச் செய்தேன். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்தேன். பிளக்கின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். தையல்காரம்மா தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்து, சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கினார். "கல்யாணப் பொண்ணுக்குக் கூட இவ்வளவு நேரம் காட்டினதில்ல" என்றார். பிறகு பிளக்கின் தலையை ஆறு பக்கமும் இறுகப் பிடிக்கும் சாக்கெட்டை மாட்டி, அதன் கைப்பிடியில் ஒரு மீட்டர் குழாயைச் செருகினேன். சக்கரம் இருந்த இடத்தின் வழியாகக் குழாய் வெளியே நீண்டது.

"அப்பா, வாங்க. உங்க வேலை."

"உதைக்கணுமா?"

"ஐயோ, வேண்டாம்! கையால. மெதுவா கீழே அழுத்துங்க."

நான் சாக்கெட்டைப் பிளக்கின் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அப்பா இரண்டு கைகளாலும் குழாயை அழுத்தினார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். டக் என்றது.

"உடைஞ்சுடுச்சா?" அப்பாவின் குரல் கீச்சிட்டது.

"இல்லப்பா. விட்டுடுச்சு."

தையல்காரம்மா கைதட்டினார், கருவி கீழே விழுந்தது.

கீழ்ப் பிளக்கை மூடிவிட்டு, புதிய ஆயிலை மேல் துளையில் ஊற்றினோம். துளையின் விளிம்பில் வழிந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வழிந்தது. மேல் பிளக்கை அப்பாதான் இறுக்கினார். காரின் அடியில் என் பக்கத்தில் படுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒரு எழுத்தைப் பார்ப்பதுபோலக் கோட்டைப் பார்த்தார். இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் கையை எடுத்தார்.

"போதுமா?"

"போதும்பா."

எழுந்திருக்காமல் சிறிது நேரம் அங்கேயே கிடந்தார். நானும்.

திங்கட்கிழமை இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. தையல்காரம்மா கைகளை ஆட்டவில்லை. அதிகாரியின் கேள்விகளுக்குத் தலையை மட்டும் அசைத்தாராம். தேர்ச்சி.

வாசலில் காத்திருந்த எங்களைப் பார்த்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கதவைத் தட்டினார். "ஏறுங்க சார், வீட்டுல விடறேன். முன்னாடி உக்காருங்க, டீச்சர் இடத்துல."

நான் பின்னால் ஏறினேன். அப்பா தயங்கித்தான் முன்னால் உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. முதல் திருப்பத்திலேயே அவர் வலது கால், தானாக, இரண்டாவது பிரேக்கைத் தேடிப் போனது.

"காலை எடுங்க சார்!" தையல்காரம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் கால் செஞ்ச வேலை போதும்."

அப்பா காலை எடுத்தார். பிரேக் மிதியைப் பார்த்து, வாய்க்குள், "மன்னிச்சுக்கோ" என்றார்.